மாலத்தீவில் தேனிலவு: வில்லாவின் படத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி இதுதான்: தை மாதக் கடைசியில் கல்யாணம். முடிந்த கையோடு மாலத்தீவில் நாலு இரவு. விமான டிக்கெட் போக, இருவருக்கும் சேர்த்து நாலு லட்சத்துக்குள் அடங்க வேண்டும். இருவரும் சைவம். மணப்பெண்ணுக்கு நீச்சல் தெரியாது. எந்த ரிசார்ட்டில் வாட்டர் வில்லா, அதாவது கடல்மேல் தூண் நட்டுக் கட்டிய அறை, எடுக்கலாம்?

மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. 1972-ல் குரும்பாவில் முதல் ரிசார்ட் திறந்த நாளிலிருந்து பெரும்பாலும் அப்படித்தான். ஆக நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவது ஒரு தீவை. ஒரே விலைக்குள் வரும் வில்லாக்களை வரிசையாகப் பாருங்கள்: அதே வெள்ளைக் கட்டில், அதே வலைத்தொட்டில், நீலத்தில் இறங்கும் அதே மரப்படி. வித்தியாசமெல்லாம் அறைக்கு வெளியே இருக்கிறது: விமான நிலையத்திலிருந்து தூரம், எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது, படிக்குக் கீழே எத்தனை அடி தண்ணீர், கடைசியில் பில் எவ்வளவு. இதே வரிசையில் பார்த்தால் நூறு ரிசார்ட் நாலாகக் குறைந்துவிடும்.

முதலில் தூரம். மாலே விமான நிலையத்தில் இறங்கியபின் தீவுக்குப் போக மூன்று வழி. வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்களில் (வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டங்களில்) உள்ள தீவுகளுக்கு ஸ்பீட்போட்; கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். தொலைவில் உள்ள ஆரி, பா, லவியானி போன்ற அட்டோல்களுக்கு சீபிளேன், அதாவது தண்ணீரிலேயே ஏறி இறங்கும் சிறு விமானம். இன்னும் தொலைவுக்கு உள்நாட்டு விமானம், அதன்பின் படகு.

சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் மாலேயில் இறங்கவில்லை என்றால் அன்றைக்குத் தீவுக்குப் போக முடியாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஓர் ஓட்டல் அறையில்தான் முதல் இரவு. ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணமும் போகும். திரும்பும்போதும் அப்படியே: காலை ஒன்பது மணிக்கு முன் கிளம்பும் விமானத்தை சீபிளேனில் வந்து பிடிக்க முடியாது. மலிவாகக் கிடைத்தது என்று இரவு விமானத்தை முதலில் வாங்கிவிட்டு, பிறகு சீபிளேன் தீவைப் பிடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நாலு இரவு மூன்றாகிவிடும்.

இன்னொன்று, சீபிளேன் நேரம் முந்தின நாள் மாலைதான் உறுதியாகும். டிக்கெட்டை நீங்கள் வாங்குவதில்லை. உங்கள் விமான எண்ணைப் பெற்று ரிசார்ட்தான் போடும். ஒரே திசைக்குப் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றுவதால், லவுஞ்சில் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் காத்திருக்க நேரலாம். வழியில் வேறு தீவிலும் இறங்கி ஏறலாம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ; அதற்கு மேல் கிலோவுக்குப் பணம். கல்யாண வீட்டிலிருந்து நேராகக் கிளம்புகிறவர்கள் பட்டுப்புடவைப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. தாழப் பறக்கும்போது தெரிகிற காட்சிக்காகவே சீபிளேன் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள், அது உண்மையிலேயே அழகு. ஆனால் இருவருக்கும் போக வர 700 முதல் 1,100 டாலர் வரை ஆகும். நாலு இரவுப் பயணத்தில் அந்தப் பணத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு இரவு தங்கலாம். மூன்று, நாலு இரவுக்கு ஸ்பீட்போட் தீவு, ஆறு இரவுக்கு மேல் சீபிளேன் தீவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

அடுத்தது காற்று. நம் முகூர்த்த மாதங்களை மாலத்தீவின் பருவத்தோடு பொருத்திப் பார்க்கலாம். தை, மாசி, பங்குனி அங்கே வடகிழக்குப் பருவம். அவர்கள் இருவை என்பார்கள். மழை குறைவு, தண்ணீர் தெளிவு, விலை உச்சம். வைகாசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிடும். அது அவர்களுக்கு ஹுள்ஹங்கு. இரண்டு, மூன்று நாள் விடாமல் மழையும் காற்றும் வரலாம், நாள் முழுக்க வெயிலும் அடிக்கலாம். விலை நன்றாக இறங்கியிருக்கும். ஆவணிக் கல்யாணக்காரர்களுக்கு ஓர் ஆறுதல்: பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாந்தா திருக்கைகள் கூட்டமாக வருவது ஜூன் முதல் நவம்பர் வரைதான். அந்த அட்டோலை 2011-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மார்கழி நடுவில், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, போகவே போகாதீர்கள். அறை விலை ஏறுவது போதாதென்று, கட்டாய விருந்து என்று தலைக்குத் தனியாகப் பெரிய தொகை வாங்குவார்கள்.

பருவம் என்பது மழையோடு முடிவதில்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கக் கரையில் அலை. எதிர்ப்பக்கம் குளம்போல் கிடக்கும். இருவையில் கிழக்கு, வடகிழக்குக் கரை அலையும், மேற்கு அமைதி. ஹுள்ஹங்கில் இது தலைகீழ். பல ரிசார்ட்டுகள் மேற்குப் பக்க வில்லாவை, சூரிய அஸ்தமனம் தெரியும் என்று, ஆண்டு முழுவதும் கூடுதல் விலைக்கு விற்கும். தை, மாசியில் அந்தக் கூடுதல் பணம் நியாயம். ஆடி, ஆவணியில் அதே வில்லாவின் முற்றத்தில் காற்று முகத்தில் அறையும், படியில் இறங்க முடியாது. அப்போது விலை குறைந்த கிழக்குப் பக்கம்தான் மேல்.

மணலும் காற்றோடு இடம் மாறும். சின்னத் தீவுகளில் ஒரு பருவத்தில் அகலமாக இருக்கிற கடற்கரை அடுத்த பருவத்தில் மெலிந்துபோகும். "பீச் வில்லா எடுத்தோம், பீச்சே இல்லை, மணல் மூட்டைதான் அடுக்கியிருந்தார்கள்" என்று விமர்சனங்களில் வரும் புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே விமர்சனம் படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காமல் மாதத்தைப் பாருங்கள். நீங்கள் போகிற அதே மாதத்தில், போன வருஷம் போனவர்கள் எடுத்த படங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். ரிசார்ட்டின் சொந்தப் படங்கள் ட்ரோனிலிருந்து, நல்ல நாளில், தண்ணீர் ஏறியிருக்கும்போது எடுத்தவை.

இனி உங்கள் விஷயத்தில் முக்கியமான இடம்: தண்ணீர். கூகுள் மேப்பைத் திறந்து, செயற்கைக்கோள் காட்சியில் தீவைப் பெரிதாக்குங்கள். கரையை ஒட்டி வெளிர்பச்சை கலந்த நீலம் அகலமாகப் பரவியிருந்தால் அது மணல் படுகையுள்ள ஆழமில்லாத லகூன், அதாவது பாறை விளிம்புக்கு உட்பட்ட அமைதியான கடல். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பழுப்புத் திட்டும் அதையடுத்துச் சட்டென்று கருநீலமும் வந்தால், பவளப்பாறை விளிம்பு பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடி சரிந்து ஆழமாகிவிடும். கரைக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பாறையைத்தான் ஹவுஸ் ரீஃப் என்கிறார்கள். மீன் பார்க்க வேண்டுமானால் கருநீலம் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீரில் நின்று குளிக்க வேண்டுமானால் வெளிர்நீலம் அகலமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தீவில் நன்றாக அமைவது குறைவு. பரோஸ், பியாதூ, விலமெந்தூ ஆகியவை ஹவுஸ் ரீஃபுக்குப் பெயர்போனவை. மீரு, ஒல்ஹுவேலி ஆகியவை அகலமான லகூனுக்கு. இந்த ஐந்தில் விலமெந்தூ தவிர மற்ற நாலும் ஸ்பீட்போட் தூரம்தான்.

நீச்சல் தெரியாத ஒருவருக்கு பவள விளிம்பின் மேல் கட்டிய வாட்டர் வில்லா வெறும் பால்கனிதான். படியில் உட்கார்ந்து காலை நனைக்கலாம், அவ்வளவுதான். சில இடங்களில் நீரோட்டமும் இழுக்கும். மறுபுறம், லகூன் மிகவும் ஆழமில்லாமல் இருந்தாலும் கஷ்டம். அங்கே கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர் அளவுக்குள்தான். ஆனால் ஏறியிருக்கும்போது இடுப்பளவு நிற்கிற தண்ணீர், வற்றும்போது முழங்காலுக்குப் போய்விடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இன்னும் வற்றும். ஆகவே ரிசார்ட்டுக்கு எழுதும்போது "லகூன் அழகா?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்த வகை வில்லாவின் படிக்குக் கீழே வற்றும் நேரத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், அடியில் மணலா பாறையா, நீரோட்டம் உண்டா?" என்று கேளுங்கள். மூன்று அடி அளவு, மணல், ஓட்டமில்லை என்று பதில் வந்தால் உங்களுக்கு ஏற்ற இடம். அங்கே உயிர்காப்பு அங்கியோடு, ஆள் துணையோடு ஸ்நோர்க்கெல் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி மீன் பார்ப்பது) பழகலாம். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் முகமூடியும் துடுப்புக் காலணியும் இலவசம் அல்லது சிறு வாடகை.

பவளத்தைப் பற்றி எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 1998, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பழைய படங்களில் தெரிகிற நிறம் பல இடங்களில் இப்போது இல்லை. மீன்கள் இருக்கின்றன.

இனிப் பணம். இங்கேதான் கணக்கு தெரிந்தவர்கள்கூடத் தடுக்கி விழுகிறார்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், பில்லில் முதலில் 10 சதவீத சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 17 சதவீத சுற்றுலா ஜிஎஸ்டி. இந்த வரி 2025 ஜூலை 1 முதல் 16-லிருந்து 17 ஆனது. இரண்டும் சேர்ந்தால் 27 ஆகாது, 28.7 சதவீதம். அதற்கு மேல் பசுமை வரி: ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், 2025 ஜனவரிக்கு முன் இது 6 ஆக இருந்தது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். காலை, இரவு உணவோடு ஓர் இரவு 450 டாலர், கூட்டல் கூட்டல். நாலு இரவு 1,800. சேவைக் கட்டணம் 180, ஆக 1,980. ஜிஎஸ்டி 336.60, ஆக 2,316.60. பசுமை வரி 12 பெருக்கல் 2 பெருக்கல் 4, அதாவது 96. ஆக 2,412.60. சீபிளேன் இருவருக்கும் 1,000 என்றால் 3,412.60. மூன்று மதிய உணவு, தண்ணீர் பாட்டில், ஒரு ஜூஸ் என்று 350 சேர்த்தால் 3,760-ஐத் தாண்டும். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1.62 லட்சம் என்று மனதில் போட்ட கணக்கு 3.38 லட்சத்தில் நிற்கிறது. இதில் ஒரு படகுப் பயணமோ மசாஜோ இன்னும் சேரவில்லை. விமான டிக்கெட்டில் மாலத்தீவிலிருந்து கிளம்பும் வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் சாதாரண வகுப்பில் தலைக்கு 100 டாலர் ஏற்கனவே ஏறியிருக்கும். அதை மறுபடி கூட்டவேண்டாம்.

சாப்பாட்டுத் திட்டம் எது? தீவைவிட்டு வெளியே போய்ச் சாப்பிட வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள். காலை உணவு மட்டும் என்ற திட்டம் ஏமாற்று மலிவு. மது அருந்தாதவர்களுக்கு எல்லாம் அடங்கிய திட்டத்தின் கூடுதல் பணம் பெரும்பாலும் வீண். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு மதுதான். மூன்று வேளை உணவுத் திட்டம் எடுத்து, குடிதண்ணீர் அதில் அடங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் பாட்டிலுக்குத் தனி விலை.

சைவம் என்றால் எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டையும் மீன்சாஸும் சேர்ந்துவிடும். முட்டை, மீன், மீன்தூள், மீன்சாஸ், இறைச்சி எலும்பில் எடுத்த சூப் எதுவும் கூடாது என்று பட்டியலாகவே எழுதுங்கள். மாலத்தீவுச் சமையலின் அடிப்படையே சூரை மீன். நம் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் மாசி என்று தெரிந்த கருவாடு அந்தச் சூரையில் செய்ததுதான். காலைச் சாப்பாட்டு மேசையில் துருவிய தேங்காய்ப் பொரியல்போல் இருக்கிற மாஸ் ஹுனியில் பாதி சூரை, பார்த்தால் தெரியாது. பெரிய ரிசார்ட்டுகளில் இந்தியச் சமையல்காரர் இருப்பது சகஜம். அவரிடம் நேரில் பேசிவிட்டால் மறுநாளிலிருந்து ரசமே வந்தாலும் வரும். நாற்பது, ஐம்பது அறை மட்டும் உள்ள சின்னத் தீவில் மூன்றாம் நாளே அதே பாஸ்தா, அதே பருப்பு.

தேனிலவுச் சலுகை என்று ஒன்று உண்டு: கட்டிலில் பூ அலங்காரம், கேக், ஒரு வைன் பாட்டில், சில இடங்களில் ஒரு தனி இரவுச் சாப்பாடு. பெரும்பாலும் மூன்று, நாலு இரவாவது தங்கவேண்டும், கல்யாணம் நடந்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகியிருக்கக்கூடாது, முன்பதிவின்போதே சொல்லியிருக்கவேண்டும். ஆதாரமாகத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையும் படமும் எல்லா இடத்திலும் செல்லாது. தமிழ்நாட்டில் கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டியது சட்டப்படி கட்டாயம்தான். ஆனால் உங்களுக்கு அவசரம் வேறு. கல்யாணத்துக்கும் பயணத்துக்கும் இடையில் நாலு நாள்தான் என்றால் சான்றிதழ் கையில் வராது. அப்படியானால் எதை ஏற்பார்கள் என்று முன்பே எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வைன் வேண்டாம் என்றால் மாற்றாக வேறேதாவது கேட்கலாம், கொடுப்பார்கள். இந்தச் சலுகைக்காக ரிசார்ட்டை மாற்றாதீர்கள். அந்தப் பூவும் கேக்கும் மதிப்பில் அறை வாடகையின் ஓரத்துக்கும் வராது. கரையில் தனியாக மேசை போட்டுத் தரும் சாப்பாடு மட்டும் விலை உயர்ந்தது. அது அடங்கியிருந்தால் கணக்கில் சேர்க்கலாம்.

இரண்டு இரவு பீச் வில்லா, இரண்டு இரவு வாட்டர் வில்லா என்று பிரித்து எடுப்பது இப்போது வழக்கம். பணம் குறையும், இரண்டையும் பார்த்ததாகவும் ஆகும். ஆனால் மாறுகிற நாளில் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ஒன்றைக் காலி செய்து, இரண்டு, மூன்று மணிக்குத்தான் அடுத்தது கிடைக்கும். மாறுவதானால் முதலில் பீச், பிறகு வாட்டர். தண்ணீர்மேல் தூங்கிவிட்டு மணலுக்கு வந்தால் மனசு இறங்கிவிடும். வாட்டர் வில்லாவில் தனிமை வேண்டுமானால் ரிசார்ட் வரைபடத்தைப் பாருங்கள்: மரப்பாலத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே வில்லா இருக்கிற இடத்தில் பக்கத்து முற்றத்திலிருந்து பார்வை விழும். பாலத்தின் கடைக்கோடி அமைதி, ஆனால் உணவகத்துக்கு நடை. குழந்தைகளே இல்லாத இடம் வேண்டும் என்றால் ஹுராவல்ஹி போலப் பெரியவர்களுக்கு மட்டும் என்று நடத்துகிற தீவுகள் உண்டு. அது சீபிளேன் தூரம்.

நாலு லட்சம் அதிகம் என்று தோன்றினால் மாஃபுஷி, திகுரா, தோட்டூ போன்ற, மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் விடுதிகள் கால்வாசி செலவில் முடியும். 50 அறைக்குக் குறைந்த விடுதியில் பசுமை வரியும் 6 டாலர்தான். குளிக்க ஒதுக்கிய கடற்கரை தவிர மற்ற இடங்களில் உடை அடக்கமாக இருக்கவேண்டும், மது கிடையாது. அண்மை ஆண்டுகளில் ரமலான் நோன்பு மாசியை ஒட்டி வருவதால் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். ரிசார்ட் தீவுகளில் இந்தச் சிக்கல் இல்லை. மூன்று இரவு இப்படித் தங்கி, கடைசி ஓர் இரவு ரிசார்ட் என்று கலப்பவர்களும் உண்டு. பத்துப் பெட்டியோடு இரண்டு படகு மாறுவதற்குத் தெம்பிருந்தால் சரி.

சின்னச் சின்ன விஷயங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம், இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு அரசின் இமுகா இணையதளத்தில் இருவரும் தனித்தனியாகப் படிவம் நிரப்பவேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற தளம் போலி. திரும்பும்போதும் ஒன்று நிரப்பவேண்டும். மது, பன்றி இறைச்சி, வேப் (மின்சிகரெட்), வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகத் தடை. பயணத்துக்குத் துணையாக அம்மா பையில் வைத்துவிடுகிற பிள்ளையாரை வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போங்கள். திரும்பும்போது பவளத் துண்டோ கரை மணலோ எடுத்து வராதீர்கள். மின்செருகி மூன்று சதுரக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை. ஸ்கூபா இறங்குவதானால் கடைசி முழு நாளில் வேண்டாம். இறங்கிய 18 முதல் 24 மணி நேரத்துக்கு விமானம் ஏறக்கூடாது, சீபிளேனும் அதில் அடக்கம்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். மாலே நேரம் நமக்கு அரைமணி பின்னால். ஆனால் வெளிச்சம் நீள வேண்டும் என்று பல ரிசார்ட்டுகள் தீவுக்குள் ஒரு மணி நேரம் கூட்டி வைத்திருக்கும்; அப்போது நமக்கு அரைமணி முன்னால். திரும்பும் நாளின் படகு நேரம் தீவு நேரமா, மாலே நேரமா என்று வரவேற்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முகவர் வழியாக எடுத்தால் சில சமயம் ரிசார்ட்டின் தளத்தைவிடக் குறைவாகவே வரும், தவறில்லை. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமானவரி, பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். முழுப்பணம் கட்டுமுன் ரிசார்ட்டின் சொந்த முன்பதிவு எண்ணை வாங்கி, ரிசார்ட்டுக்கே மின்னஞ்சல் போட்டு உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று பாருங்கள். தை, மாசியில் பயணத்துக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு முன்பே ரத்துக்குப் பணம் திரும்பாது என்ற விதி வந்துவிடும். தேதி தள்ளிப்போக வாய்ப்பிருந்தால் அந்தக் கடைசித் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

ஆக உங்களுக்கு: வடக்கு அல்லது தெற்கு மாலே அட்டோலில், ஸ்பீட்போட் தூரத்தில், அகல லகூன் உள்ள நடுத்தர அல்லது பெரிய தீவு. மூன்று வேளை உணவு. இரண்டு இரவு பீச் வில்லா, இரண்டு இரவு மேற்குப் பக்க வாட்டர் வில்லா. மீருவிலும் ஒல்ஹுவேலியிலும் தொடங்கி, அதே மாதிரி இன்னும் இரண்டு தீவுகளை மேப்பில் தேடிச் சேருங்கள். நாலுக்கும் ஒரே மின்னஞ்சல்: வரி, படகு எல்லாம் சேர்த்து நாலு இரவுக்கு இருவருக்கும் மொத்தம் எத்தனை டாலர், வற்றும் நேரத்தில் படிக்குக் கீழே எத்தனை அடி, முட்டையும் மீனும் இல்லாமல் மூன்று வேளை முடியுமா, நாங்கள் தங்கும் நாட்களில் தீவிலோ பக்கத்துத் தீவிலோ கட்டுமான வேலை ஏதும் நடக்குமா. இந்த நாலு கேள்விக்கும் நேரடியாகப் பதில் எழுதுகிறவர்களுக்குள் விலை பாருங்கள். "எங்கள் தீவு ஒரு சொர்க்கம்" என்று மட்டும் பதில் போடுகிறவர்களுக்கு மறுமுறை எழுதவேண்டாம்.